மாமா கொண்டுவர வேண்டியது மக்புக் அல்ல

கேள்வி: நான் இணுவிலில் வசிக்கிறேன். வீட்டில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு படிப்பிக்கிறேன். கணவர் மிருதங்கம் வாசிப்பவர். முருகன்மேல் நாங்களே எழுதிய எட்டுப் பாட்டுகளை வீட்டிலேயே பதிவுசெய்ய ஆசை. ஸ்ரூடியோவில் மணித்தியாலக் கணக்குக்குக் காசு கட்டிக்கொண்டு நிம்மதியாகப் பாட முடியவில்லை. கீபோர்ட், புல்லாங்குழல் எல்லாம் சென்னையில் உள்ள ஒருவர் சேர்த்துத் தருவார். அவர் அப்பிளின் மக் கணினியில் லொஜிக் என்ற பதிவு மென்பொருள் பாவிப்பவர். என் சுருதி 5 கட்டை. கையில் 3 இலட்சம் ரூபா இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மாமா நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது, மகன் பாவித்த 2017 மக்புக் புரோவை 1 இலட்சத்து 20 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். அது 8 ஜிபி. ரவுணில் உள்ள கடைக்காரர், கேம் விளையாடும் டெஸ்க்டொப் ஒன்றைப் பூட்டித் தருவதாகச் சொல்கிறார். கம்பஸில் படிக்கும் என் தம்பி, லினக்ஸ் போடு, ஒரு சதமும் செலவில்லை என்கிறான். வீட்டில் ஒரு பழைய விண்டோஸ் 10 லப்டொப் கிடக்கிறது. ஐ5, எட்டாம் தலைமுறை, 8 ஜிபி. திறக்கவே ஐந்து நிமிடம் எடுக்கும், சார்ஜ் அரை மணித்தியாலம்தான் நிற்கும். எதை எடுக்கட்டும் அண்ணா? மக்கா, விண்டோஸா, லினக்ஸா?

பதில்: தங்கச்சி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களுக்குப் பிறகு வருகிறேன். புதிதாக ஒரு கணினியும் வாங்க வேண்டாம். நீங்கள் கணக்கில் எடுக்காமலே கடைசியில் எழுதிய அந்தப் பழைய லப்டொப்பைத் திருத்தி எடுங்கள். மாமாவிடம் மக்புக்குக்குப் பதிலாக, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஓடியோ இன்டர்பேஸ் பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மிச்சக் காசு மைக்குக்கும் ஹெட்போனுக்கும், நீங்கள் பாடப்போகும் அறைக்கும், வீட்டு ஏர்த் வயருக்கும் போகட்டும்.

இதைப் படித்ததும் மனம் கொஞ்சம் சோர்ந்திருக்கும். புதிதாக ஒன்று வரப்போகிறது என்று காத்திருந்த வீட்டில் பழையதையே தூசி தட்டச் சொல்கிறேன். ஆனால் 20 வருடத்துக்கு மேலாக இந்த ஊர் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் மைக் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவுசெய்தவன் நான். கணினி சரியில்லாததால் கெட்டுப்போன பாட்டுகளைவிட, கணினிக்கே எல்லாக் காசையும் கொட்டிவிட்டு மைக்குக்கு ஒன்றும் மிஞ்சாததால் கெட்டுப்போன பாட்டுகளைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

பாட்டுப் பதிவில் கணினி உங்களுக்குச் செய்ய வேண்டிய பெரிய உதவி ஒன்றே ஒன்று. உங்கள் குரலை உங்களுக்கே பிந்திக் கேட்கச் செய்யக் கூடாது. இதை ஒரு சம்பவத்தோடு சொன்னால்தான் விளங்கும்.

போன வருடம் கொக்குவிலில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்தப் பிள்ளை முறையாகப் படித்த நல்ல பாட்டுக்காரி. சும்மா இருந்து பாடினால் ஆதி தாளம் அச்சொட்டாக நிற்கிறது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பாடினால் மட்டும் இரண்டாம் ஆவர்த்தனத்திலேயே பின்னுக்கு இழுபடுகிறது. "எனக்கு லயமே போய்விட்டது அண்ணா" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் அடைத்தது. நான் கணினியில் ஓர் இடத்தைத் திறந்து பார்த்தேன். பஃபர் 1024 என்று கிடந்தது. அதை 128 ஆக்கிவிட்டு, திரும்பப் பாடுங்கள் என்றேன். பல்லவியை இரண்டு தரம் பாடினார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்தார். மூன்று மாதமாகத் தன்னில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை அது.

நடந்தது இதுதான். மைக்கில் விழும் குரலைக் கணினி துளித்துளியாக உள்ளே எடுக்காது. கிணற்றடியில் குடத்தை நிரப்பித் தூக்குவதுபோல, நிரம்பும்வரை காத்திருந்துதான் தூக்கும். அந்தக் குடம்தான் பஃபர். செக்கனுக்கு 48,000 துணுக்குகளாக ஒலியைப் பதியும்போது, 1024 துணுக்கு பிடிக்கும் குடம் நிரம்ப 21 மில்லிசெக்கன் எடுக்கும். உள்ளே போக ஒரு குடம், வெளியே வர ஒரு குடம், மொத்தம் 42. ஒலி காற்றில் ஒரு மீற்றர் போக ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் எடுக்கும். அப்படியென்றால் 42 மில்லிசெக்கன் 14 மீற்றருக்குச் சமன். நீங்கள் மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று பாட, கொடிமரத்தடியில் நிற்பவருக்கு அது கேட்பதுபோல உங்கள் குரல் உங்களுக்கே கேட்கிறது. யாரால் தாளத்தில் நிற்க முடியும்? 128 ஆக்கினால் போக 2.7, வர 2.7. கருவி தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். உங்கள் கணவர் இரண்டு மீற்றர் தள்ளியிருந்து மிருதங்கம் வாசித்தாலே அது உங்கள் காதுக்கு வர 6 மில்லிசெக்கன் ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த அளவுப் பிந்தலை நம் காது பிறந்த நாள் முதல் பழகி வைத்திருக்கிறது.

மக்கா விண்டோஸா என்ற கேள்விக்கு உண்மையான பொருள் வருவது இந்த இடத்தில்தான். சின்னக் குடத்தை வைத்துக்கொண்டு தடங்காமல், சொட்டுச் சிந்தாமல் ஓட எந்தக் கணினியால் முடியும்? மக்கில் இதற்கான வழி இயங்குதளத்தின் உள்ளேயே இருக்கிறது. கோர் ஓடியோ என்று பெயர். இன்டர்பேஸ் பெட்டியைச் செருகினால் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். விண்டோஸின் வழமையான ஒலிப் பாதை படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் போதுமானது. பாடிக்கொண்டே தன் குரலைக் கேட்க வேண்டியவருக்கு அது காணாது. அதனால்தான் கியூபேஸ் என்ற பதிவு மென்பொருளைச் செய்யும் ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 1997 இல் அசியோ என்ற குறுக்குவழியைக் கொண்டுவந்தது. இன்றும் விண்டோஸில் பதிவுசெய்பவர்கள் அந்த வழியால்தான் போகிறோம். இன்டர்பேஸ் செய்த நிறுவனம் தரும் அசியோ டிரைவரை, அதாவது பெட்டியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளைப் போட்டுவிட்டால், உங்களைப் போல எட்டுப் பாட்டுப் பதிபவருக்கு இரண்டுக்கும் இடையில் காதால் பிடிக்கக்கூடிய வித்தியாசம் இல்லை.

இனி நாலையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மக்கைப் பற்றி நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என் வேலைமேசையில் இருப்பதும் மக்தான். 2020 நவம்பரில் எம்1 சில்லு வந்த பிறகு, காற்றாடியே இல்லாத மக்புக் எயாரில் தனித்தனியாகப் பதிந்த குரல், வாத்தியம் என்று 40, 50 தடங்களைத் திறந்து வைத்துக்கொண்டு அது சூடேறாமல் ஓடுவதைப் பார்த்து நானே அசந்துபோனேன். மைக் இருக்கும் அறையிலேயே சத்தமில்லாத ஒரு கணினியை வைத்திருக்கலாம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. மாமா கொண்டுவருவது எம்1 அல்லது அதற்குப் பிந்தியது, 16 ஜிபி என்று நீங்கள் எழுதியிருந்தால், இந்தப் பதில் "ஓம், வாங்குங்கள்" என்ற இரண்டு சொல்லோடு முடிந்திருக்கும்.

ஆனால் 2017 மக்புக் புரோ வேறு கதை. அதில் இன்டெல் சில்லு. 2022 இல் வந்த வெஞ்சுராதான் அது ஏற்கும் கடைசி இயங்குதளம். இன்டெல் மக்குகளுக்கான கடைசிப் பதிப்பு 2025 இல் வந்த டாஹோ என்று அப்பிளே அறிவித்துவிட்டது. அதாவது ஏறிக்கொண்டிருக்கும் படியின் கடைசிப் படிகூட உங்களுக்கு எட்டாது. 8 ஜிபி நினைவகம் பலகையோடு ஒட்டிச் செய்தது, பிறகு கூட்ட முடியாது. பட்டரியும் உள்ளே ஒட்டியிருக்கும். எட்டு வருடத்துக்கு மேலான பட்டரி என்ன நிலையில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வருடங்களில் வந்த மக்புக்குகளின் எழுத்துக் கீபோர்ட் பழுதுபட்டதால், அதற்கென்றே அப்பிள் ஓர் இலவசத் திருத்தத் திட்டம் வைத்திருந்தது. அது முதல் விற்பனையிலிருந்து நாலு வருடத்துக்குத்தான். இனி ஒரு எழுத்து இறுகினால் கொழும்புக்குப் போய் மினக்கெட வேண்டும். மாமா அன்போடுதான் தருகிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 1 இலட்சத்து 20 ஆயிரம் உங்கள் 3 இலட்சத்தில் ஐந்தில் இரண்டு பங்கு.

டெஸ்க்டொப்பை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் அதன் வேகம் இல்லை. வேகம் உங்களுக்குத் தேவைக்கு மேலேயே இருக்கும். கேமுக்காகப் போடும் கிரபிக்ஸ் கார்ட் பாட்டுப் பதிவுக்கு ஒன்றும் செய்யாது, அதன் காற்றாடிகள் மட்டும் உங்கள் மைக்குக்குள் வந்து இரையும். அதைவிடப் பெரிய காரணம் கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். இப்போது அந்த நிலை இல்லைத்தான். ஆனாலும் சோளகம் அடித்து ஒரு தென்னோலை வயரில் விழுந்தால் போதும், மாரியில் ஒரு மின்னல் வெட்டினால் போதும். நீங்கள் விருத்தத்தில் மெய்மறந்து மேல்ஸ்தாயியில் நிற்கும்போது கரண்ட் போனால், அந்தச் சங்கதி இரண்டாம் தடவை அதேபோல வராது. யூபிஎஸ் வாங்கிச் சமாளிக்கலாம், அதுவும் செலவு, சிலவற்றில் அதுவே இரையும். நல்ல பட்டரியுள்ள லப்டொப்பும், யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் இன்டர்பேஸும் இருந்தால் கரண்ட் போனதே பதிவுக்குத் தெரியாது. காற்றாடி நின்றதால் பதிவு இன்னும் துப்புரவாக வரும்.

உங்கள் தம்பி சொல்லும் லினக்ஸை ஏளனமாக எடுக்க வேண்டாம். உபுண்டு ஸ்ரூடியோ போன்றவை ஒலிப்பதிவுக்கென்றே அமைத்தவை. ஆர்டோர் என்ற நல்ல மென்பொருள் இருக்கிறது. முன்பு தலையைப் பிய்க்க வைத்த ஒலி அமைப்புகளை, பைப்வயர் என்ற ஒலி மென்பொருள் வந்த பிறகு நன்றாகவே இலகுவாக்கிவிட்டார்கள். உங்கள் லப்டொப் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதாக இருந்திருந்தால், விண்டோஸ் 11 ஏற்காது என்பதால் நானே லினக்ஸைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் நிலையில் ஒன்றை யோசியுங்கள். தம்பி கம்பஸ் முடித்துக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒலி வராமல் நின்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பதிவு மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை மென்பொருளைப் பிளகின் என்பார்கள், ஐலொக் என்ற உரிமப் பூட்டுப் போட்ட பிளகின்கள் லினக்ஸில் இயங்குவதும் இல்லை. நாளைக்கு நீங்கள் அப்படி ஒன்றை வாங்க நினைத்தால் கை கட்டுப்பட்டுவிடும். கருவியைப் பழுதுபார்ப்பதில் ஆசையுள்ளவருக்கு லினக்ஸ் சொர்க்கம். உங்களுக்குப் பாட நேரம் கிடைப்பதே கஷ்டம்.

ஆகவே வீட்டில் இருப்பதற்கே வருவோம். எட்டாம் தலைமுறை ஐ5 என்பது வாய்ப்பாட்டு, மிருதங்கம், சுருதி, சென்னையிலிருந்து வரும் பத்துப் பன்னிரண்டு தடங்கள் எல்லாவற்றுக்கும் போதும். அது திறக்க ஐந்து நிமிடம் எடுப்பது, பெரும்பாலும் உள்ளே சுழலும் பழைய ஹாட் டிஸ்க்கால். அதைக் கழற்றிவிட்டு, சுழலாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்று, 500 ஜிபி அளவில், போடச் சொல்லுங்கள். நினைவகத்தை 16 ஜிபி ஆக்கச் சொல்லுங்கள். சில மாதிரிகளில் நினைவகம் பலகையோடு ஒட்டியிருக்கும், அதனால் முதலில் அடிமூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். பட்டரியைப் புதிதாக்குங்கள். நான் மேலே சொன்ன கரண்ட் கதைக்கு அதுதான் காவல், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. எஸ்எஸ்டி மாற்றும்போதே விண்டோஸ் 11 ஐத் துப்புரவாகப் போட்டுவிடுங்கள். ரவுணில் உள்ள அந்தக் கடைக்காரருக்கும் இந்த வேலையையே கொடுக்கலாம், அவரும் மனம் கோணமாட்டார்.

பதிவு செய்யும்போது வைபையை நிறுத்துங்கள். மின் அமைப்பை முழுவேகத்தில் வையுங்கள், பட்டரியில் ஓடும்போதும் அப்படியே இருக்கட்டும். இடைக்கிடை "டிக்" என்று ஒரு வெடிப்புச் சத்தம் விழுந்தால் லேட்டன்சிமொன் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டுப் பாருங்கள். எந்த டிரைவர் குறுக்கே வந்து கணினியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். பல லப்டொப்களில் அது வைபை டிரைவராகவே இருக்கும்.

அடுத்தது மாமா கொண்டுவர வேண்டிய பெட்டி. இரண்டு மைக் செருகும் இன்டர்பேஸ்தான் எல்லாரும் சிபாரிசு செய்வது. உங்களுக்கு நான் நாலு மைக் செருகக்கூடியதைச் சொல்கிறேன். உங்கள் குரலுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கமான தொப்பிக்கு ஒன்று. நீங்கள் இருவரும் ஒன்றாக இருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்துப் பாடுவதைப் பதிய வேண்டும் என்று எனக்கு ஆசை. தனித்தனியாகப் பதிந்து ஒட்டினால் பிழை திருத்துவது சுலபம், அது உண்மை. ஆனால் நீங்கள் ஒரு சங்கதியை நீட்டும்போது அவர் தொப்பியில் ஒரு கும்கி நாதத்தை வைத்துக் காத்திருப்பாரே, அந்தக் காத்திருப்பு ஒட்டுவேலையில் வராது. இருவரும் இரண்டு மீற்றர் தள்ளி எதிரெதிரே இருங்கள். உங்கள் மைக்கின் முதுகு அவரைப் பார்க்கட்டும், அவருடைய மைக்கின் முதுகு உங்களைப் பார்க்கட்டும். கார்டியோய்ட் வகை மைக் பின்பக்கச் சத்தத்தைப் பெருமளவு ஒதுக்கிவிடும்.

ஓடியன்ட் ஈவோ 8 இல் நாலு மைக் துளை இருக்கிறது, யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும். பெறிங்கரின் யூஎம்சி 404 எச்டியிலும் நாலு இருக்கிறது, ஆனால் அதற்குத் தனி அடப்டர் வேண்டும். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், எங்களுக்கு 230. அங்கே வாங்கும் அடப்டரில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கிறதா என்று மாமாவைக் கடையிலேயே வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 120 மட்டும் என்றிருப்பதை இங்கே செருகினால் ஒரே புகை. கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்பதால் என் மனம் ஈவோ பக்கம்தான். எதை வாங்கினாலும் கணினியைச் சுற்றிவராமல், உங்கள் குரலை நேரே ஹெட்போனுக்குத் தரும் டிரெக்ட் மொனிட்டர் வசதியைப் பழகிக்கொள்ளுங்கள். அதைப் பாவித்தால் குடத்தின் பிந்தல் கவலையே பதிவு நேரத்தில் இல்லை. ஹெட்போன் காதை மூடிப் பிடிக்கும் வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே கேட்கும் தாளத்தட்டு மைக்கில் கசியும்.

ஏர்த் வயர் பற்றிச் சொன்னேன் அல்லவா. மானிப்பாய்ப் பக்கம் ஒரு பழைய நாற்சார் வீட்டில் வீணை பதியப் போனேன். எல்லாம் சரி, ஆனால் ஹெட்போனில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். வயரை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், போகவில்லை. தற்செயலாக லப்டொப்பின் உலோக மூடியில் விரல் பட்டபோது மெல்ல எறும்பு ஊர்வதுபோல் உணர்ந்தேன். சார்ஜரைக் கழற்றினேன். இரைச்சல் அப்படியே அடங்கிவிட்டது. சுவரில் பார்த்தால், மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் ஒரு சின்ன அடப்டரில் செருகியிருந்தார்கள். ஏர்த் இல்லாமல் போய்விட்டது.

உங்களுக்கு இது கூடுதலாக முக்கியம், ஏனென்றால் உங்கள் சுருதி 5 கட்டை. எங்கள் மின்சாரம் செக்கனுக்கு 50 அதிர்வு. அந்த இரைச்சல் 50 இல் மட்டும் நிற்காது, 100, 150, 200 என்று அதன் மடங்குகளிலும் ஒலிக்கும். உங்கள் ஆதார ஷட்ஜம் 196. 200 க்கும் 196 க்கும் நடுவில் செக்கனுக்கு நாலு தடவை ஓர் அலைவு எழும்பும். நீங்கள் சுத்தமாக ஷட்ஜத்தில் நின்றாலும் கேட்பவருக்குச் சுருதி ஆடுவதுபோல ஒரு உறுத்தல் இருக்கும். பதிந்த பிறகு அதை எடுக்கப் போனால் உங்கள் குரலின் அடித்தளத்தையும் சேர்த்துத்தான் சுரண்ட வேண்டும். ஒரு நல்ல மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு, நீங்கள் பாடப்போகும் அறையின் பிளக்கில் ஏர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உயிருக்கும் அது நல்லது. பாடும் நேரம் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பட்டரியில் ஓடவிடுங்கள்.

அறையைப் பற்றிச் சுருக்கமாக. சீமெந்து நிலமும் வெறும் சுவரும் உள்ள விறாந்தைப் பக்கத்து அறை வேண்டாம். சேலை அலுமாரியும் மெத்தையும் உள்ள படுக்கையறைதான் உங்கள் ஸ்ரூடியோ. அலுமாரியின் இரண்டு கதவையும் திறந்துவைத்து, சேலைகளுக்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள். மைக் உங்களைப் பார்ப்பதால் உங்களுக்குப் பின்னால் இருப்பதைத்தான் அது கூடக் கேட்கும். லப்டொப்பை அறைக்கு வெளியே வைத்துவிட்டு வயரை மட்டும் உள்ளே விடுங்கள். மைக் வயர் 10 மீற்றர் போனாலும் பாதகமில்லை, யூஎஸ்பி வயரைத்தான் 5 மீற்றருக்குள் வைக்க வேண்டும். காகமும் ஓட்டோவும் ஓய்ந்து, கோயில் ஒலிபெருக்கி தொடங்குவதற்கு முன்னால், இரவு பத்து மணிக்குப் பிறகுதான் எங்கள் ஊரில் நல்ல பதிவு நேரம். மின்விசிறியை நிறுத்த வேண்டிவரும், வியர்க்கும், ஒரு பாட்டுக்கு ஒருமுறை வெளியே வந்து காற்று வாங்குங்கள். ஒலிவாங்கியைச் சீலையில் பொதிந்து அலுமாரியில் வையுங்கள், உப்புக் காற்றும் செம்மண் தூசியும் அதற்கு ஆகாது.

சென்னைக்காரர் லொஜிக் பாவிப்பதால் உங்களுக்கும் மக் வேண்டும் என்று ஒரு பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. லொஜிக் ஒரு காலத்தில் விண்டோஸிலும் இருந்தது. 2002 இல் அப்பிள் அதைச் செய்த ஈமஜிக் என்ற ஜேர்மன் நிறுவனத்தை வாங்கியதோடு அது நின்றுபோனது. ஆனால் உங்களுக்கு இடையில் போய்வரப் போவது லொஜிக் கோப்பு இல்லை. ஒலியை நசுக்காமல் அப்படியே வைத்திருக்கும் வெறும் வேவ் கோப்புகள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், எல்லாத் தடமும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து. உங்கள் குரல் மூன்றாம் நிமிடத்தில்தான் வந்தாலும் கோப்பு பூச்சியத்திலிருந்தே தொடங்க வேண்டும். அப்போது அவர் எந்தக் கணினியில் போட்டாலும் தானாகப் பொருந்தும். ஒரு தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பி வரும். வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவிட வேண்டாம், அது ஒலியை நசுக்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது கிளவுட்டில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள்.

அனுப்பும்போது இரண்டு விஷயம் எழுதி அனுப்ப வேண்டும். ஒன்று காலப்பிரமாணம், நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று. மற்றது சுருதி. நீங்கள் சுருதிப்பெட்டியை 5 கட்டை என்று வைத்திருப்பீர்கள், ஆனால் நுண்சுருதித் திருகை யாராவது கொஞ்சம் அசைத்திருந்தால் அது கீபோர்டின் ஜி ஸ்வரத்தோடு பொருந்தாது. கீபோர்ட், ஏ ஸ்வரம் செக்கனுக்கு 440 அதிர்வு என்ற கணக்கில் நிற்கும். கைத்தொலைபேசியில் ஒரு ரியூனர் செயலியைப் போட்டு, 440 அடிப்படையில் 196 வருகிறதா என்று பார்த்து, அதன் பிறகு மிருதங்கத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். எட்டுப் பாட்டும் முடித்து அனுப்பிய பிறகு, கீபோர்ட் ஒட்டவில்லை என்று ஒருவர் எனக்குப் போன் எடுத்து அழுதிருக்கிறார். பாட்டுகளுக்கு ஹெட்போனில் மெல்லிய தாளத்தட்டு வைத்துக்கொள்ளலாம், அது சென்னையில் உள்ளவருக்கு உதவி. விருத்தத்துக்கு வைக்கவே வேண்டாம். அதில் புல்லாங்குழல்காரர்தான் உங்களைப் பின்தொடர வேண்டும்.

மென்பொருளுக்கு ரீப்பர் என்பதைச் சொல்கிறேன். 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்கலாம், பிறகு தனியாட்களுக்கு 60 டொலர். லொஜிக் 200 டொலர் அளவு. ரீப்பர் மிகச் சிறியது, உங்கள் லப்டொப்பை வருத்தாது. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நாளைக்கு நீங்கள் எம் சில்லு மக் வாங்கினாலும், தம்பி சொன்ன லினக்ஸுக்கு மாறினாலும் இந்த எட்டுப் பாட்டும் உங்களோடு வரும். ரவுணில் ஒரு பென் டிரைவில் கியூபேஸும் ஆயிரம் பிளகினும் உரிமப் பூட்டை உடைத்துத் தருவார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அதோடு வந்த வைரஸ் ஒன்று, ஒரு தவில் வித்துவானின் பதிவு முழுவதையும் பூட்டிவிட்டுக் காசு கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. அந்த வாசிப்பும் எங்களிடம் இல்லை. ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய பதிவை ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். கிழமைக்கு ஒருமுறை இன்னொரு பிரதியை அம்மா வீட்டிலோ வேறு ஒரு வீட்டிலோ கொண்டுபோய் வையுங்கள்.

மைக் எதுவென்று நான் இன்னும் சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறேன். அறை அமைதியாக இருந்தால் நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் கொண்டென்சர் வகை மைக் ஒன்று உங்கள் குரலின் நுணுக்கம் முழுவதையும் வாங்கும். அறைக்குள் சத்தம் வருமென்றால் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் வகை மைக் ஒன்றை நெருக்கிப் பிடித்துப் பாடுவதுதான் புத்தி. இதை நான் இங்கிருந்து ஊகிக்க விரும்பவில்லை. இன்றிரவு பத்தரை மணிக்கு அந்தப் படுக்கையறையில் மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, கைத்தொலைபேசியைக் கட்டிலில் வைத்து, ஒருவரும் கதைக்காமல் 30 செக்கன் பதியுங்கள். பாட வேண்டாம். வெறும் அறையை மட்டும் பதிந்து ஆவணமாக எனக்கு அனுப்புங்கள். மாமா ரொறன்ரோவில் விமானம் ஏறும் திகதியையும் எழுதுங்கள், அதற்கு முதல் மைக்கின் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.